வினாடிக்கு 25 துடிப்பு

எண்ணூர்ப் பக்கமிருந்து காட்டுப்பள்ளிக்குப் போகும் சாலையில் வண்டி ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம் அதிகம். துறைமுகத்துக்குள் நுழைய முறை பார்த்து கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும். இடையில் மாட்டிய கார், ஏசி ஓட, ரேடியேட்டர் ஃபேன் ஓட, நியூட்ரலில் காத்திருக்கும். எஞ்சினைக் காதுகொடுத்துக் கேட்க இதைவிடத் தோதான இடம் கிடையாது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் டயர் இரைச்சலும் காற்றும் எல்லாக் குறையையும் மூடிவிடும். ஒர்க்‌ஷாப்பில் ஐடிலிங் என்று சொல்லும் இந்த வெறும் ஓட்டத்தில்தான் எஞ்சினின் குணம் முழுதாக வெளியே வருகிறது என்பது என் கட்சி.

இந்த வட்டாரத்துக்கு எஞ்சின் சத்தம் பழகியது. திருவொற்றியூரில் 1950களிலிருந்து புல்லட் செய்தார்கள். ஆஸ்டின் கார்களைப் பூட்டத் தொடங்கிய எண்ணூர் அசோக் மோட்டார்ஸ் பிறகு அசோக் லேலண்ட் ஆனது. சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்றில், 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்ததும் பந்தயம் அங்கே போய்விட்டது. மேற்கே திருவள்ளூரில், இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து 1998இல் மிட்சுபிஷி லான்சர் வெளிவந்தது. நான் சொல்ல வந்தது இந்த லான்சரை வைத்துத்தான்.

அதே 1998இல் டோமி மாக்கினன் லான்சர் எவல்யூஷனை ஓட்டி மூன்றாம் முறையாக உலக ராலிப் பட்டம் வென்றார். அவருடைய காரும் திருவள்ளூர்க் காரும் ஒரே தலைமுறை, ஒரே உடற்கட்டு. எஞ்சின்தான் வேறு. அவருக்கு டர்போ வைத்த 2 லிட்டர், நமக்கு 1468 சிசி. பின்னால் 2006இல் வந்த 2 லிட்டர் சீடியா நம் நாட்டு ராலிகளில் புழுதி கிளப்பிய வண்டி. இவற்றை இன்றும் விடாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்கள் மெக்கானிக்கிடம் கொண்டுவரும் புகார்களில் முக்கியமானது, “சிக்னல்ல நின்னா ஆஃப் ஆயிடுதுண்ணே.”

லான்சர் எஞ்சின் சூடேறிய பிறகு நிமிடத்துக்குச் சுமார் 750 சுற்றில் நிற்க வேண்டும். நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் என்பதால் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. நிமிடத்துக்கு 1500, வினாடிக்கு 25. மனிதக் காது கேட்கத் தொடங்கும் எல்லை ஏறக்குறைய வினாடிக்கு 20 அதிர்வு. நல்ல ஐடிலிங் அந்த எல்லைக்குச் சற்று மேலே நிற்பதால் அடங்கிய ஒரு முனகலாகக் காதில் விழுகிறது. அதுவே 500க்கு இறங்கினால் வினாடிக்குப் பதினேழு வெடிப்புகூடத் தேறாது. முனகலின் அடிச்சுருதி காதை விட்டு நழுவி உடம்புக்கு இறங்கிவிடும். ஸ்டீயரிங் நடுங்கும், கண்ணாடியில் பின்னால் வரும் லாரி இரண்டாகத் தெரியும். சத்தம் நடுக்கமாக மாறும் அந்த இடத்தைக் கண்டுகொள்வதுதான் இந்தக் கலையின் முதல் பாடம். புல்லட்காரர்களுக்குக் கணக்கு வேறு. ஒற்றை சிலிண்டர், இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. ஆயிரம் சுற்றில்கூட வினாடிக்கு எட்டுதான். ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்றே அதை இன்னும் இறக்கி வைப்பார்கள். ஆயில் பம்ப் படும் பாட்டை நினைத்தால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஐடிலிங் ஏன் இறங்குகிறது? ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் திராட்டில் தட்டு ஏறக்குறைய மூடிக்கொள்ளும். எஞ்சின் உயிரோடு இருக்கத் தேவையான காற்று, தட்டைச் சுற்றிப் போகும் சிறு வழிகளில் வருகிறது. கேஸ் அடுப்பைச் சிம்மில் வைத்தால் எரிவாயு தனியாக ஒரு மெல்லிய துளை வழியே வருவதைப் போல. அந்தத் துளையில் அழுக்கு சேர்ந்தால் முழுத் தீ நன்றாக எரியும், சிம்முக்குத் திருப்பியதும் அணைந்துபோகும். லான்சரிலும் அப்படித்தான். ஓடும்போது ஒரு குறையும் தெரியாது. நின்றால் உயிர் போகும்.

அந்தச் சிறு வழிகளில் ஒன்றில் ஒரு திருகு இருக்கிறது. இன்னொன்றில் ஸ்டெப்பர் மோட்டார் இருந்துகொண்டு, கம்ப்யூட்டர் சொல்கிறபடி காற்றைக் கூட்டிக் குறைக்கும். எஞ்சினிலிருந்து திரும்பி வரும் ஆயில் புகை திராட்டில் வாயில் படிந்து கரியாகும். காற்று வழி சுருங்கச் சுருங்க ஸ்டெப்பர் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து ஈடுகொடுக்கும். அது முழுதும் திறந்து, இனி கொடுக்க ஒன்றுமில்லை என்று ஆகும்போதுதான் நமக்குக் குறை தெரிய வருகிறது. நோய் பல வருஷமாக உள்ளே இருந்திருக்கும்.

கைதேர்ந்த மெக்கானிக் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஸ்பேனரை எடுப்பதற்கு முன் அவர் எடுத்துக்கொள்ளும் நேரம் ரசிக்கத்தக்கது. எஞ்சினை ஆஃப் பண்ணிச் சாவியை மட்டும் போடுவார். ஸ்டெப்பர் தன் இடத்துக்குப் போகும் மெல்லிய கரகரப்பு கேட்கிறதா என்று குனிந்து கேட்பார். பிறகு ஸ்டார்ட் செய்து, சைலன்ஸர் முனையில் ஒரு துண்டுக் காகிதம் பிடிப்பார். காகிதம் சீராக வெளியே தள்ளப்பட்டால் நல்லது. நடுநடுவே உள்ளே இழுபட்டால் எக்ஸாஸ்ட் வால்வு சரியாக உட்காரவில்லை. அந்த எஞ்சினில் எந்தத் திருகைத் திருகியும் பயனில்லை. அடுத்தது வேக்கம் ஹோஸ். ரப்பர் வெடித்த இடத்தில் கார்ப் கிளீனரைத் துளி அடித்தால் எஞ்சின் குரல் மாறும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. உள்ளே வரும் காற்றை நேராக அளக்கும் வண்டிகளில் ஓட்டை இருந்தால் ஐடிலிங் தள்ளாடி இறங்கும். மேனிஃபோல்டின் அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடும் வண்டிகளில் அதே ஓட்டை ஐடிலிங்கை ஏற்றிவிடும். வண்டி எந்த ரகம் என்று தெரியாமல் வைத்தியம் பார்க்க முடியாது.

கடலோரத்துக்கென்று தனியாக ஒரு வியாதியும் இருக்கிறது. காட்டுப்பள்ளி ஒருபுறம் வங்கக்கடலும் மறுபுறம் பக்கிங்ஹாம் கால்வாயுமாக உப்புக் காற்றிலேயே கிடக்கும் நிலம். இங்கே நாளெல்லாம் நிற்கும் வண்டியில் பேட்டரி எர்த் ஒயரின் முனையில் பச்சை பூக்கும். எர்த் பலவீனமானால் சென்ஸார்கள் தப்பாகப் பேசும், கம்ப்யூட்டர் தப்பாகக் கேட்கும். உப்புத்தாள் தேய்த்து முடுக்கிய ஒரு போல்ட்டிலேயே ஐடிலிங் சரியான வண்டிகள் உண்டு.

பந்தய எஞ்சினின் கதை வேறு. அதிக சுற்றில் நிறையக் காற்று இழுப்பதற்காக, அதன் கேம் ஷாஃப்ட் உள்வால்வையும் வெளிவால்வையும் சிறிது நேரம் ஒன்றாகத் திறந்து வைக்கும். ஏழாயிரம் சுற்றில் அது வரம். ஐடிலிங்கில் எரிந்த புகை திரும்பி உள்ளே வந்து புதுக் காற்றோடு கலந்துவிடும். அதனால் துடிப்பு சீராக இராது, திக்கித் திக்கி வரும். அதை 750க்கு இறக்க முயல்வது எஞ்சினின் இயல்பை மதிக்காத வேலை. ஆயிரத்துக்கு மேல் அது எங்கே அமைதியாகிறதோ அங்கே விட வேண்டும். இரட்டைக் கார்புரேட்டர் வண்டிகளுக்கு ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்து, இரண்டின் சீறலும் ஒன்றாகும்வரை திருகுவார்கள். இரண்டு சீறலும் ஒன்றில் ஒன்று கரையும் கணத்தில் எஞ்சின் தானாக ஒரு படி ஏறிக்கொள்ளும். கேட்டவர்களுக்கு அந்தச் சுகம் மறக்காது.

லான்சருக்கு வருவோம். திராட்டில் பாடியைக் கழற்றிக் கரி போகத் துடைத்தாலே பாதி வண்டிகள் தேறிவிடும். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால்தான் திருகு. அதையும் சும்மா திருகினால், நாம் கூட்டிய காற்றைக் கம்ப்யூட்டர் ஸ்டெப்பரை மூடிக் கழித்துவிடும். சுற்றுமானியின் முள் அசையாது. அவசரக்காரர் இன்னும் திருகுவார். ஆகவே எஞ்சின் நன்றாகச் சூடாகி, ஏசி, லைட், ஃபேன் எல்லாம் நின்ற பிறகு, ஸ்கேனர் வழியாக ஸ்டெப்பரை ஓரிடத்தில் நிறுத்திவைத்து, அப்புறம் திருப்ப வேண்டும். கால் சுற்று போதும். திராட்டில் தட்டையே தாங்கி நிற்கும் இன்னொரு திருகு உண்டு. ஆலையில் பெயின்ட் புள்ளி வைத்து அனுப்பிய அதை நல்ல மெக்கானிக் தொடமாட்டார். பெயின்ட் உடைந்திருந்தால், யாரோ முன்னால் கைவைத்திருக்கிறார்கள் என்று முகம் சுளிப்பார்.

பிறகு சோதனை. ஹெட்லைட், ஃபேன், ஏசி எல்லாம் போட்டு, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் கடைசிவரை ஒடிக்கச் சொல்வார். கம்ப்ரஸர் பிடிக்கும்போது முள் ஒரு நூல் இறங்கி, மறுகணம் முன்னிருந்ததைவிட நூறு சுற்று மேலே போய் நிற்க வேண்டும். இறங்கிய ஆழத்தைவிட அது ஏறிவரும் விதத்தைத்தான் கவனிப்பார். தயங்கி ஏறினால் ஸ்டெப்பர் இன்னும் முழுதாகத் தேறவில்லை. துள்ளி ஏறி மறுபடி விழுந்தால் எங்கோ காற்று ஒழுகுகிறது. தடங்கல் இல்லாமல் ஏறி நின்றுவிட்டால் பானெட்டை மூடிவிட்டு, “ஒரு வாரம் ஓட்டிட்டுக் கொண்டாங்க சார், மறுபடி ஒரு தடவை கேட்டுப் பாத்துடலாம்” என்பார்.