குவளையின் குணதோஷங்கள்

தேயிலை விளையும் மேகமலையை அண்ணாந்து பார்த்து வாழ்கிற சின்னமனூர், கம்பம் வாசிகளுக்குத் தேநீர் என்பது, வடிதுணியில் இறங்கிய டிகாஷனோடு கொதித்த பாலும் சீனியும் கூடி, உயரத் தூக்கி ஆற்றப்பட்டு, கண்ணாடிக் கிளாஸில் நுரையோடு வந்து நிற்கும் பானமேயாகும். இப்பள்ளத்தாக்கில் ஒருவர் ஜப்பானியத் தேநீர்க் கலங்களைச் சேகரித்து, அன்றாடம் அவற்றிலேயே அருந்த விரும்புவாரானால், அதை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது.

ஏனெனில், பிடியில்லாத தடித்த ‘யுனோமி’க் குவளையில் ஒரு நுட்பமான யுக்தி இருக்கிறது: கை தாங்க முடியாத சூட்டை வாய்க்கும் கொடுக்காமல் அது தடுத்துவிடுகிறது. நாமோ கிளாஸின் விளிம்பை இரு விரலால் பற்றிக்கொண்டு நாக்கைச் சுட்டுக்கொள்கிறோம். ஆனால் ‘க்யூசு’ என்னும் பக்கப்பிடிச் சிறு கெண்டியின் கதை வேறு. கொதிநிலைக்குக் கீழான வெந்நீரில் பச்சைத் தேயிலையை ஊறவைப்பதற்கென்றே டோகோனாமே குயவர்கள் வனையும் அக்கலத்தில் நமது டஸ்ட் தேயிலையைக் கொட்டினால் உள்சல்லடை அடைத்துக்கொள்ளும். மெருகிடாத மண்ணில் பால் பட்டாலோ அதன் வாடை எளிதில் போகாது. பால் தேநீரைக் கைவிட மனமில்லாதவர் க்யூசு வாங்குவது விரயமே.

சேகரிப்புக்கு வேறொரு விபரீதமும் உண்டு. கொரியாவில் யாரோ ஒரு குயவர் சாமானியர் புழக்கத்துக்கென வனைந்த ‘கிஸாயெமோன்’ கிண்ணம், ஜப்பானியத் தேநீர் ரசிகர்களின் கைக்குப் போய், இன்று தேசியப் பொக்கிஷமாகக் கியோட்டோவின் டைடோகுஜி ஆலய வளாகத்தில் பெட்டிக்குள் பத்திரமாயிருக்கிறது. அதன் எளிமையைப் புகழ்ந்தவர்களே அதைப் புழக்கத்திலிருந்து பிரித்துவிட்டார்கள்.

எனினும் நான் முக்கியமாகக் கருதும் தோஷம் இதுவன்று. ஜப்பானிய இல்லங்களில் ஆளுக்கொரு குவளை என்பது பிரியத்தின் அடையாளம்; நம் தென்மாவட்டக் கிராமத் தேநீர்க் கடைகளிலோ, 1950-ல் அரசியல் சாசனம் தீண்டாமையை ஒழித்த பின்னரும், ஆளுக்கேற்ற குவளை என்பது சாதியின் அடையாளமாக, இரட்டைக் குவளை முறையாக நீடித்திருக்கிறது. சென் நோ ரிக்யூ (1522–1591) வகுத்த தேநீர் மரபிலோ, வாளை வெளியே வைத்துவிட்டுக் குனிந்து நுழையும் விருந்தினர் அனைவரும், கெட்டியாகக் குழைத்த பொடித் தேநீரை ஒரே கிண்ணத்திலிருந்து, விளிம்பைத் துடைத்துக் கைமாற்றி அருந்துகிறார்கள். அந்நாட்டிலிருந்து நாம் எதையேனும் தருவித்துக்கொள்வதானால், மண்கலத்துக்கு முன்பாக இந்த வழக்கத்தையல்லவா தருவித்திருக்க வேண்டும்!

கலம் வேண்டுவோர் கடல் கடக்கவும் வேண்டியதில்லை. ஜப்பானின் பிஸெனில் மட்கலக்கலை பயின்ற டெபோரா ஸ்மித், ரே மீக்கருடன் சேர்ந்து 1971-ல் புதுச்சேரியில் நிறுவிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியின் வழியாக, மிகுந்த வெப்பத்தில் சுட்டு மெருகேற்றிய கலங்கள் தமிழ்நிலத்திலேயே வேரூன்றிவிட்டன. பாலின் வாடை அவற்றில் ஊறுவதில்லை. ஒரே மாதிரியாக ஆறு குவளைகள் வாங்கி, வருகிறவர் எவராயினும் அவற்றிலேயே கொடுக்கும் வீட்டில் இந்த ரசனைக்கு அர்த்தமுண்டு. வேலைக்கு வருபவருக்கென்று ஓர் எவர்சில்வர் டம்ளரைக் கொல்லைப்புறத்தில் தனியே கவிழ்த்து வைத்திருக்கும் வீட்டில், அலமாரி நிறைய பிஸென் மண் இருந்துதான் என்ன பிரயோஜனம்?