கறுப்பு மேகம் சோகமா?

ஓவிய வகுப்புச் சுவர்களில் இப்போது ஒரு சார்ட் தொங்குகிறது. சிவப்பு கோபம், நீலம் சோகம், மஞ்சள் மகிழ்ச்சி, பச்சை அமைதி, கறுப்பு பயமும் சோகமும். நிறம் மனநிலையை உண்டாக்கும் விதத்தைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க இதைவிட நல்ல வழி கிடையாது என்று அண்ணாமலை நகரில் ஆசிரிய நண்பர் ஒருவர் அண்மையில் அடித்துச் சொன்னார். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சார்ட்டால் கொஞ்சம் பயன் உண்டு. வானம் என்றால் நீலம், இலை என்றால் பச்சை என்று பழகிய பிள்ளைக்கு, உணர்ச்சிக்காகவும் நிறத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்று அது சொல்லிக்கொடுக்கிறது. 1901 முதல் 1904 வரை பிக்காசோ நீலத்திலேயே துயரத்தைத் தீட்டியதும் உண்மைதான்.

ஆனால் தனி நிறத்துக்கு மனநிலை கிடையாது. பக்கத்தில் எந்த நிறம் இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, யார் பார்க்கிறார்கள் என்பதிலிருந்துதான் மனநிலை பிறக்கிறது. சிதம்பரம் சிவகாமியம்மன் சன்னதியின் விதானத்தை அண்ணாந்து பாருங்கள். 17ஆம் நூற்றாண்டு நாயக்கர் கால ஓவியம். பிட்சாடனரைக் கண்டு மயங்கும் ரிஷிபத்தினிகள், மோகினியைக் கண்டு தடுமாறும் ரிஷிகள். பின்னால் இருப்பது சிவப்பு. சார்ட்டின்படி அங்கே கோபம் கொதிக்க வேண்டும். நான் பார்த்தது மயக்கத்தை.

பரதர் தம் நாட்டிய சாஸ்திரத்தில் ரசங்களுக்கு நிறம் சொல்லவில்லையா என்று நண்பர் கேட்டார். சொன்னார்தான். ஆனால் அதில் காதலுக்குச் சியாமம், அருவருப்புக்கு நீலம். நம் சார்ட்டில் நீலம் சோகம். நிறத்துக்கும் உணர்ச்சிக்கும் உள்ள உறவு மரபு செய்துகொண்ட ஏற்பாடு என்பதற்கு வேறு சான்று எதற்கு? அதை இயற்கை விதிபோல மனப்பாடம் செய்யவைப்பது பிழை.

அந்தப் பிழையின் விலையை நான் நேரில் பார்த்தேன். பக்கத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் ‘மகிழ்ச்சி’ என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நாற்றங்காலுக்கு மேலே கன்னங்கரேலென்று மேகம் போட்டிருந்தாள். வரப்பில் தோளில் துண்டோடு ஒரு தாத்தா. “கறுப்பு சோகம்மா, மஞ்சள் போடு” என்றார் ஆசிரியர். ஈரம் காயாத கறுப்பின்மேல் அவள் மஞ்சளைப் பூசினாள். இரண்டும் கலந்து பாசிபிடித்த பச்சையாகிவிட்டது. மேகமும் போயிற்று, சூரியனும் வரவில்லை.

காவிரியின் கடைமடையில் பிறந்த பிள்ளை அவள். ஆடியில் திரளும் கருமேகத்தைவிட மகிழ்ச்சியான நிறம் அந்தத் தாத்தாவுக்கு எது? அதே கருமை, 2011 டிசம்பர் 30 அன்று கடலூரில் தானே புயலைப் பார்த்தவருக்குக் குலைநடுக்கம். இருவரும் ஒரே மாவட்டத்து மனிதர்கள். இதை எந்தச் சார்ட் சொல்லும்?

ஒரே சிவப்புத் தாளை இரண்டாகக் கிழித்து, ஒன்றைக் கறுப்பின்மீதும் மற்றதை வெள்ளையின்மீதும் வைத்துக் காட்டினால் போதும். சிவப்பு மாறித் தெரிவதைப் பிள்ளைகள் தாங்களே சொல்வார்கள். அன்று அந்தச் சிறுமியிடமும், “ஏம்மா கறுப்பு போட்டே?” என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். அவளிடம் பதில் இருந்தது. வரப்பில் நின்ற தாத்தாதான் அந்தப் பதில்.