அடைக்கலம் யார்க்கு? மாந்தேஞாவின் ஓவியமும் தேம்பாவணியும்

கோவில்பட்டிக்கு அணித்தாகிய கரிசற் சிற்றூர் காமநாயக்கன்பட்டி. அங்கு இறைத்தொண்டு புரிந்த வீரமாமுனிவர் (1680-1747) இத்தாலியில் மாந்துவா நகரை அடுத்த ஊரிற் பிறந்தவர். அவர் பிறந்த காலத்தில் மாந்துவாக் கோயிலொன்றில் இருந்த தாய்-சேய் ஓவியத்தை, அவர்தம் தேம்பாவணியோடு (1726) ஒருங்கு வைத்து ஈண்டு ஆராய்வாம். ஓவியம் கண்டு காப்பியம் பிறந்தது என்பது எம் துணிபன்று; அடைக்கலம் என்னும் பொருளை இரண்டும் எங்ஙனம் ஆள்கின்றன என்பதே எம் வினா.

ஆந்திரேயா மாந்தேஞா 1496-இல் தீட்டிய அவ்வோவியம் 'வெற்றி அன்னை' எனப்படும். இன்று பாரிசின் உலூவர் காட்சிச்சாலையில் உள்ளது. போர்னோவோப் போரின் (1495) நினைவாக அதனை எழுதுவித்தவன் மாந்துவாவை ஆண்ட பிரான்செசுக்கோ கொன்சாகா. அரியணையில் அமர்ந்த அன்னையின் மடிமீது குழவி நிற்கின்றது. கவசம் பூண்ட கொன்சாகா மண்டியிட, அன்னையின் வலக்கை அவன் தலைக்குமேல் நீள்கின்றது. அவள் மேலாடையை விரித்துப் பிடிப்போர் மிக்கேல், சார்ச்சு என்னும் போர்க்கோலத்தார் இருவர். உச்சியில் பவளக்கொடி ஒன்று தொங்குகின்றது. பவளம் தீங்கு அகற்றும் என்பது அந்நாட்டார் நம்பிக்கை. நம் ஐம்படைத்தாலி ஈண்டு நினையத்தக்கது. எனவே, படம் முழுதும் காப்பே பொருளாயிற்று.

ஆயின், காக்கப்பட்டோன் யார்? தானியேலே தா நோர்சா என்னும் யூதர் தாம் வாங்கிய வீட்டுச் சுவரிலிருந்த மரியன்னை படத்தை, ஆயரின் இசைவு பெற்றே அகற்றினார். எனினும், இவ்வோவியத்தின் செலவு அவர்மேல் தண்டமாக விழுந்தது. அவர் வீடு இடிக்கப்பட்டு, அவ்விடத்தே ஓவியத்திற்குரிய கோயில் எழுந்தது. ஒருவன் பெற்ற அடைக்கலம் மற்றொருவரை மனையிழக்கச் செய்தது.

தேம்பாவணியிலோ தாயும் சேயுமே மனையிழந்தோர். ஏரோதனுக்கு அஞ்சி எகித்து நாடு நோக்கி ஏகும் அவர்க்கு அரியணை இல்லை; துணையாவான் தச்சனாகிய வளன். அவனையே முனிவர் காப்பியத் தலைவனாக்கினார். ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னையாகப் போற்றப்படுபவளும், திருக்காவலூர்க் கலம்பகத்தின் தலைவியும் இத்தாயே. தான் ஏதிலியாய் அலைந்தவள் ஏதிலியர்க்குப் புகலாதல் பொருத்தமுடைத்து.

மாந்தேஞாவின் கலைத்திறம் ஐயத்திற்கு இடனற்றது. அன்னையின் கைக்கனிவும் பொய்யன்று. எனினும், சட்டத்தினுள் நிற்பதை மட்டும் நயத்தல் திறனாய்வாகாது. அக்கை காத்தவனை ஓவியம் காட்டுகின்றது. காவாது விட்டவரை வரலாறு காட்டுகின்றது. இரண்டையும் ஒருங்கு காண்பதே முறையான ஆய்வென்பது எம் கருத்து.