இழவும் கொலையும்: இனப்படுகொலை இலக்கியமும் வகுப்பறையும்

1

இலக்கியம் எதன் பொருட்டுக் கற்பிக்கப்படுகின்றது என்னும் வினாவுக்கு ஒவ்வொரு காலமும் தனக்கேற்ற விடையைக் கூறி வந்துள்ளது. சுவைப் பயிற்சி என்பர் சிலர். ஒழுக்கப் பயிற்சி என்பர் வேறு சிலர். ஆனால், ஒரு மக்கட் கூட்டத்தை அடியோடு அழிக்க முயன்ற வரலாற்றைக் கூறும் நூலொன்று பதின்மூன்று வயது மாணவரின் மேசைமீது வைக்கப்படும்போது இவ்விரு விடைகளும் போதாதனவாகி விடுகின்றன. அந்நூல் அவர் உள்ளத்தில் எவ்வுணர்வை எழுப்புகின்றது, எவ்வினாவை விட்டுச் செல்கின்றது என்பனவும் அங்கே திறனாய்வுக்குரிய பொருளாகின்றன.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நாசி ஜேர்மனியும் அதற்குத் துணை நின்றோரும் ஏறத்தாழ 60 இலட்சம் யூதரைக் கொன்றொழித்தனர். இவ்வரலாறு 1991 முதல் இங்கிலாந்தின் தேசிய பாடவிதானத்தில் இடம்பெற்று வருகின்றது. அவுஸ்விட்ஸ் முகாம் 1945இல் விடுவிக்கப்பட்ட சனவரி 27ஆம் நாளை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2005இல் உலக நினைவு நாளாகப் பிரகடனஞ் செய்தது. எனினும், மாணவர் பலர் இவ்வரலாற்றை முதலில் அறிவது வரலாற்று நூல்களின் வாயிலாக அன்று. நாட்குறிப்பு, நாவல், சித்திரக்கதை ஆகியவற்றின் வாயிலாகவே. ஆதலின், இந்நூல்கள் எதை எவ்வாறு நினைவிற் பதிக்கின்றன என்பதை ஆராய்தல் அவசியமாகின்றது.

இவ்வாய்வுக்குத் தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியல் பயன்மிக்க ஒரு வேறுபாட்டைத் தருகின்றது. அழுகை பிறக்கும் களன்களுள் ஒன்றாக அவர் இழவைக் கூறினார். கொலையையோ வெகுளி பிறக்கும் களன்களுள் வைத்தார். குடியையும் சுற்றத்தையும் நலிதலாகிய குடிகோளுக்கும் அவர் அங்கேயே இடமளித்தார். இழவு என்பது இழந்தவரை நோக்கிய சொல். அதற்குச் செய்தவன் ஒருவன் வேண்டுவதில்லை. கொலை என்னும் சொல்லோ கொன்றவனையும் உடன் அழைத்து வருவது. யார் செய்தனர், எவ்வாறு செய்தனர், ஏன் தடுக்கப்படவில்லை என்னும் வினாக்கள் அச்சொல்லுடனேயே பிறந்து விடுகின்றன. ஜேர்மன் சிந்தனையாளர் தியோடர் அடோர்னோ 1966இல் ஆற்றிய வானொலி உரையொன்றில், அவுஸ்விட்ஸ் மீண்டும் நிகழாதிருக்கச் செய்வதே கல்வியின் தலையாய கடன் என்றார். நிகழ்ந்ததன் வேர்களைத் துன்புற்றோரிடத்தன்றித் துன்புறுத்தியோரிடத்தே தேட வேண்டும் எனவும் வற்புறுத்தினார். வகுப்பறைக்கு வரும் நூல்களையும், அவற்றைக் கற்பிக்கும் முறையையும் மதிப்பிடுவதற்கு இதுவே தக்க அளவுகோல் எனலாம். கொலையைக் கொலையாகக் காட்டுகின்றனவா, இழவாக மாற்றி விடுகின்றனவா என்பதே வினா.

2

உலகெங்கும் மிகப் பரவலாகப் படிக்கப்படுவது ஆன் பிராங்கின் நாட்குறிப்பாகும். 1929இல் ஜேர்மனியிற் பிறந்து ஒல்லாந்திலே வளர்ந்த அச்சிறுமி, 1942 யூன் 12 முதல் 1944 ஓகஸ்ட் 1 வரை அதனை எழுதினாள். அம்ஸ்ரர்டாமில் ஒரு வணிகக் கட்டடத்தின் பின்மாடியில் எண்மர் ஒளிந்திருந்தனர். 1944 ஓகஸ்ட் 4ஆம் நாள் அனைவரும் பிடிக்கப்பட்டனர். அவர்களுள் உயிர் தப்பியவர் தந்தை ஒருவரே. ஆன் 1945இன் முற்பகுதியில் பேர்கன்-பெல்சன் முகாமில் இறந்தாள். தந்தையின் முயற்சியால் நாட்குறிப்பு 1947இல் நூலாக வெளிவந்தது.

இந்நூல் புகழ்பெற்ற வரலாறு ஆழ்ந்து நோக்கத்தக்கது. 1955இல் நியூயோர்க்கில் மேடையேறி மறுவருடம் புலிட்சர் பரிசு பெற்ற நாடகமே நாட்குறிப்பை உலகறியச் செய்தவற்றுள் முதன்மையானது. மனிதரின் உள்ளார்ந்த நன்மையில் ஆன் கொண்டிருந்த நம்பிக்கையை ஒலிக்கச் செய்து அந்நாடகம் திரையை இறக்குகின்றது. அந்நம்பிக்கையை அவள் 1944 யூலை 15ஆம் நாட் குறிப்பில் எழுதியது உண்மையே. ஆனால் அதே குறிப்பில், உலகம் பாழ்நிலமாகி வருவதையும், தம்மையும் அழிக்கக்கூடிய இடிமுழக்கம் நெருங்குவதையும் அவள் உணர்ந்து எழுதியுள்ளாள். நாடகம் முன்னதை எடுத்துப் பின்னதை விடுத்தது. அக்குறிப்பை எழுதி மூன்று வாரம் நிறையுமுன் அவள் பிடிக்கப்பட்டாள் என்பதையும், அதன்பின் முகாமிற் கண்டவற்றை எழுத அவளுக்கு ஏடு இருக்கவில்லை என்பதையும் மறந்த பின்னரே அவ்வாசகம் ஆறுதலாக முடியும். அமெரிக்க எழுத்தாளர் சிந்தியா ஓசிக் 1997இல் எழுதிய கட்டுரையொன்றில் இத்தகைய மென்மைப்படுத்தலைக் கடுமையாகக் கண்டித்தமை குறிப்பிடத்தக்கது.

இக்குறையை நாட்குறிப்பின் மீது சுமத்துதல் நேர்மையாகாது. 1942 யூன் 20ஆம் நாட் குறிப்பில் அச்சிறுமி யூதருக்கு விதிக்கப்பட்ட தடைகளை ஒவ்வொன்றாக நிரைப்படுத்துகின்றாள். மஞ்சள் விண்மீன் அணிதல் வேண்டும். துவிச்சக்கர வண்டிகளை ஒப்படைத்தல் வேண்டும். ட்ராம் வண்டியில் ஏறலாகாது. கடைக்குச் செல்லப் பிற்பகல் மூன்று முதல் ஐந்து மணி வரையே நேரம். இரவு எட்டு மணிக்குப் பின் வெளியே நிற்றலாகாது. வரலாற்றாசிரியர் ராவுல் ஹில்பேர்க் 1961இல் வெளியிட்ட பெருநூலில் இவ்வழிவைப் படிப்படியாக நடந்தேறிய ஒரு நிர்வாகச் செயன்முறையாக விளக்கினார். யார் யூதர் என வரையறுத்தல், உடைமையைப் பறித்தல், ஓரிடத்திற் குவித்தல், கொல்லுதல் என்பன அப்படிகள். கொலைக்கு முந்திய படிகளைப் பதின்மூன்று வயதுச் சிறுமி துவிச்சக்கர வண்டியின் வாயிலாகவே கண்டு எழுதி விட்டாள்.

1944 மார்ச்சில், நாடுகடந்து இலண்டனில் இயங்கிய ஒல்லாந்து அரசின் அமைச்சர் ஒருவர், மக்கள் தம் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் பாதுகாக்க வேண்டுமென வானொலியிற் கேட்டுக்கொண்டார். அதைச் செவியுற்ற பின்னர் ஆன் தன் நாட்குறிப்பை வெளியீட்டுக்கெனத் திருத்தி எழுதத் தொடங்கினாள். அவள் தன்னைச் சாட்சியாகவும் எழுத்தாளராகவும் கருதினாள் என்பது இதனாற் பெறப்படும். ஆறுதல் தரும் ஒரு வாசகமாக அவளைச் சுருக்குதல் அச்சாட்சியத்தைப் புறக்கணிப்பதாகும்.

3

ஜோன் பொய்ன் எழுதி 2006இல் வெளிவந்த ‘கோடிட்ட பைஜாமா அணிந்த சிறுவன்’ என்னும் பொருள்படும் தலைப்புக் கொண்ட நாவல் வேறுவகையானது. முகாமின் தளபதியின் ஒன்பது வயது மகன் புரூனோ. கம்பி வேலிக்கு அப்பால் இருக்கும் யூதச் சிறுவன் ஷ்முவேல். இருவரும் வேலியருகே நாடோறும் பேசி நண்பராகின்றனர். ஈற்றில் புரூனோ வேலிக்கடியால் நுழைந்து, நண்பனுடன் நச்சுவாயு அறையில் மடிகின்றான். இந்நாவல் இங்கிலாந்துப் பாடசாலைகளிற் பெருவழக்குப் பெற்றது. வாசிப்பில் நாட்டமில்லாத பிள்ளைகளையும் இது ஈர்த்துக் கொண்டது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் இதன் அமைப்பு ஆராயத்தக்கது. அவுஸ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுவரப்பட்ட யூதக் குழந்தைகளுட் பெரும்பாலோர் வந்திறங்கிய அன்றே கொல்லப்பட்டனர். வேலியருகே மாதக் கணக்கில் அமர்ந்து உரையாடும் ஷ்முவேல்கள் அங்கு இருந்திருத்தல் அரிது. மேலும், 1930களின் ஜேர்மன் பாடசாலை யூத வெறுப்பைப் பாடமாகவே புகட்டியது. யூதரை நச்சுக்காளானாகச் சித்திரித்த சிறுவர் நூலொன்று 1938இல் வெளியிடப்பட்டது. அத்தகைய சூழலில், நாசி அதிகாரி ஒருவரின் வீட்டில் வளர்ந்த மகன் யூதர் யார் என்பதையே அறியாதிருந்தான் என்பது நம்பத்தக்கதன்று.

இது ஓர் உருவகக் கதை என ஆசிரியரே துணைத் தலைப்பிட்டுள்ளமையால், உண்மையின் அளவுகோலால் அளத்தல் தகாது என வாதிடுவோர் உளர். உருவகக் கதை உண்மையினின்று விலகலாம். ஆனால் எத்திசையில் விலகுகின்றது என்பதே கேள்வி. இந்நாவலில் புரூனோவுக்குப் பெற்றோரும் தமக்கையும் வீடும் நினைவுகளும் உண்டு. ஷ்முவேலுக்கு அவ்வளவு விரிந்த வாழ்வில்லை. கதை முடியும்போது வாசகர் தேடுவதும் புரூனோவை, அழுவதும் புரூனோவுக்காக, உடைந்து போகும் தந்தையாகக் காட்டப்படுபவனும் கொலைமுகாமை நடத்தியவனே. இங்கே கொலை ஒரு தவறுதலாகி விடுகின்றது. தளபதியின் மகன் வேலிக்கு இப்பால் நின்றிருப்பின் அன்றைய நாள் வழமையான ஒரு நாளாகக் கழிந்திருக்கும் என்னும் கொடிய உண்மையைக் கதை வாசகருக்குச் சுட்டுவதில்லை. கொலை இழவாக மாறுதல் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

2016இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் இங்கிலாந்தின் பல்லாயிரம் மாணவரிடம் நடத்திய ஆய்வு, பலர் முழுப் பழியையும் ஹிட்லர் மீதும் அவருடனிருந்த மிகச் சிலர் மீதும் ஏற்றுவதைக் கண்டது. ஒரு நூலே இதற்குக் காரணமென்பது மிகையாகும். எனினும் சுற்றியுள்ள யாவரையும் அறியாதோராகக் காட்டும் கதைகள் இத்தகைய விளக்கத்துக்கு இசைவானவை. இவ்வரலாற்றைக் கற்போரும் கற்பிப்போரும் இந்நாவலைத் தவிர்க்க வேண்டுமென அவுஸ்விட்ஸ் நினைவகம் 2020இல் வெளிப்படையாகவே கூறியது.

4

ஆர்ட் ஸ்பீகல்மனின் ‘மவுஸ்’ 1986இலும் 1991இலும் இரு பாகங்களாக வெளிவந்த சித்திரக்கதை. 1992இல் இதற்குப் புலிட்சர் சிறப்புப் பரிசு வழங்கப்பட்டது. யூதர் எலிகளாகவும் ஜேர்மனியர் பூனைகளாகவும் வரையப்பட்ட இந்நூல், போலந்தில் வாழ்ந்து அவுஸ்விட்ஸிலிருந்து தப்பிய தந்தையை மகன் கேட்டறிந்து வரையும் கதையாக அமைந்துள்ளது. கேட்கும் மகனும் சொல்லும் தந்தையும் கதைக்குள்ளேயே இருப்பதால், இச்செய்தி எவ்வாறு அறியப்பட்டது என்னும் வினா வாசகரை விட்டு நீங்குவதில்லை. தாயின் குறிப்பேடுகளைத் தந்தையே எரித்து விட்டமை அறியப்படும் கட்டம், எஞ்சிய நினைவு எத்துணைச் சிறியது என்பதை உணர்த்துகின்றது.

இந்நூலின் தனிச்சிறப்பு, துன்புற்றவரைத் தூயவராக்காமையாகும். கஞ்சத்தனமும் பிடிவாதமும் கொண்ட அத்தந்தை, அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஒருவரைத் தம் வண்டியில் ஏற்றியதற்காகச் சினந்து கொள்கிறார். இனவெறுப்பின் கொடுமையை உடலால் அனுபவித்தவரே அதனைப் பிறர்மேற் காட்டும் இக்காட்சி மாணவரை அழச் செய்வதன்று; சங்கடப்படுத்துவது. நல்லோர் கொல்லப்பட்டமையாற்றான் அக்கொலை தீது என எண்ணும் மாணவர் இங்கே தம் எண்ணத்தை மாற்ற வேண்டியவராகின்றார். நல்லவரல்லாத ஒருவரைக் கொல்வதற்கும் எவருக்கும் உரிமை இருந்ததில்லை.

இத்தகைய நூலையே அமெரிக்காவின் டெனசி மாநிலத்தில் ஒரு மாவட்டக் கல்விச்சபை 2022 சனவரியில் ஒருமனதாகப் பாடத்திட்டத்தினின்று நீக்கியது. தகாத சொற்களும் ஆடையற்ற உருவமொன்றும் காரணமாகக் கூறப்பட்டன. மாணவரின் மென்மையைக் காக்க வேண்டும் என்னும் கவலை பொருளற்றதன்று. ஆயினும், படுகொலையைக் கூறும் நூலில் சபைக்கு உறுத்தியது சொல்லின் அநாகரிகமாயின், அச்சபை தேடியது எவருக்கும் உறுத்தாத ஒரு படுகொலையை என்றே கருத வேண்டியுள்ளது.

5

இதுவரை நோக்கியவற்றால், நல்ல நூலைத் தெரிதல் மட்டும் போதாது என்பதும் புலனாகின்றது. நாட்குறிப்பைக்கூட ஆறுதல் வாசகமாக்கிவிட நாடகத்தால் இயன்றது. ஆகவே ஆசிரியரின் பணி இங்கே பெரிது. மாணவரைக் கைதிகளாகவும் காவலராகவும் நடிக்கச் செய்யும் பயிற்சிகளை அமெரிக்காவின் படுகொலை நினைவு அருங்காட்சியகம் தன் ஆசிரியர் வழிகாட்டியில் ஏற்கவில்லை. அரைமணி நேர நடிப்பால் அத்துன்பத்தை உணர்ந்துவிட்டதாக மாணவர் எண்ணுதல், அதனை அறியாதிருத்தலினும் தீதாகக்கூடும்.

அதற்கு மாறாக, யூன் 20ஆம் நாட் குறிப்பின் அருகே ஒல்லாந்தின் வரலாற்றை வைத்துப் படிப்பிக்கலாம். 1940இல் அந்நாட்டு அரச ஊழியர்கள் தாம் யூதரா அல்லரா எனப் படிவம் நிரப்பினர். மிகப் பெரும்பாலோர் மறுப்பின்றி நிரப்பினர். 1941இல் யூதர் யாவரும் பதிவு செய்யப்பட்டனர். அந்நாட்டிலிருந்த ஏறத்தாழ 140,000 யூதருள் 107,000 பேர் வரை நாடுகடத்தப்பட்டனர். மீண்டோர் ஏறத்தாழ 5,000 பேர் மட்டுமே. அவர்களை ஏற்றிச் சென்ற புகையிரதங்களை ஓட்டிய ஒல்லாந்துப் புகையிரத நிறுவனம் அதற்குக் கட்டணமும் பெற்றது. அந்நிறுவனம் 2005இல் மன்னிப்புக் கோரி, 2018இல் இழப்பீடு வழங்க முன்வந்தது. ஆனைக் காட்டிக்கொடுத்தவர் யார் என்னும் ஒற்றை வினாவில் உலகம் இன்றும் ஆர்வம் காட்டுகின்றது. ஒருவரைக் குற்றவாளியாகச் சுட்டி 2022இல் வெளிவந்த நூலொன்று, வரலாற்றாசிரியரின் கண்டனத்தின் பின் ஒல்லாந்தில் விற்பனையினின்று மீளப்பெறப்பட்டது. ஒரு துரோகியைத் தேடுதல் எளிது. படிவம் அச்சிட்டவர், பதிவேட்டைத் திறம்படப் பேணியவர், பயணச்சீட்டுக் கணக்கை எழுதியவர், அயல்வீடு வெறுமையானதைக் கண்டும் கேளாதிருந்தவர் ஆகியோரைத் தேடுதல் அரிது. மாணவர் நாளை வகிக்கப் போகும் தொழில்களும் இவையே என்பதால் இத்தேடல் இன்றியமையாதது.

அழுகை தாழ்ந்த உணர்வன்று. தன் வயதொத்த ஒருத்திக்காக ஒரு மாணவர் சிந்தும் கண்ணீரை எள்ளுதல் திறனாய்வின் வேலையுமன்று. ஆனால் அக்கண்ணீர் துடைக்கப்பட்ட பின்னர் ஏடு மூடப்படுமாயின் நினைவுகூரல் ஆண்டுச் சடங்காக முடியும். தொல்காப்பியர் கொலைக்குரியதாக வைத்த வெகுளி, பழிவாங்கும் வெறியாகத் திரியாது, செய்தவரையும் செய்த முறையையும் ஆராயும் அறிவாக வளர்வதற்கு வகுப்பறையே தக்க இடம். ட்ராம் வண்டியில் ஏறலாகாது என்று ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் முதலில் ஆணையிட்டவர் யார், அதைக் கேட்டும் ஏனையோர் ஏன் அவ்வண்டியில் ஏறிச் சென்றனர் எனக் கேட்கும் மாணவரிடத்தே அந்நாட்குறிப்பு தன் பணியைச் செய்யத் தொடங்குகின்றது.