அறுகோணக் கட்டமும் நடுகல்லும்: போர்ப் பலகையாட்ட நினைவுரைகள் குறித்து ஒரு நோக்கு

பலகையாட்டம் தமிழாய்வுக்குப் புதிய பொருளன்று. தொல்காப்பிய எழுத்ததிகாரம் 'வல்' என்னும் சொல்லின் புணர்ச்சியைக் கூறுமிடத்து, அதனோடு நாயும் பலகையும் சேர்ந்து வருதலைத் தனியே எடுத்துரைக்கிறது. நாய் என்பது இங்கு ஆட்டக்காய். சதுரங்கம் என்னும் பெயரோ நால்வகைப் படையையே சுட்டுவது. எனினும், நடந்து முடிந்த ஒரு போரை நாளும் இடமும் படையும் பிறழாமல் பலகையில் மீண்டும் நடத்திப் பார்க்கும் வரலாற்றுப் போர் ஆட்டமும், அதை இளமையில் ஆடியோர் முதுமையில் எழுதும் நினைவுரைகளும் நம் திறனாய்வாளர் கண்ணில் இதுவரை அதிகம் படவில்லை. இந்நினைவுரைகளை ஓர் எழுத்துவகையாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சி.

1954இல் சார்ல்ஸ் ராபர்ட்ஸ் வெளியிட்ட 'டாக்டிக்ஸ்' இவ்வணிக ஆட்டங்களுக்குத் தொடக்கமாகக் கருதப்படுகிறது. அவர் தோற்றுவித்த அவலான் ஹில் நிறுவனம் 1961 முதல் அறுகோணக் கட்டங்களைப் பயன்படுத்தியது. 'ஆஃப்ரிக்கா கோர்' (1964), 'பான்சர்பிளிட்ஸ்' (1970), 'ஸ்குவாட் லீடர்' (1977) ஆகியன அன்பர் மனத்தில் நிலைத்தவை. 1998இல் அந்நிறுவனம் ஹாஸ்புரோவின் கைக்குப் போயிற்று. நினைவுரைகளில் பெரும்பாலானவை இம்மறைவுக்குப் பின் எழுந்த இரங்கற் குரலைக் கொண்டவை.

அவற்றை வரிசையாகப் படிப்போர்க்கு ஒரு மரபு புலனாகும். முதலில் பெட்டி வரும். அதன் மேலட்டை ஓவியம் வரும். அடுத்து, விதிநூலைப் புரிந்துகொள்ளப் பட்ட பாடு. பின்னர் ஓர் அண்ணனோ பள்ளித் தோழனோ, விடிய விடிய நீண்ட ஆட்டம், பலகைமேல் தாவிய பூனை, காணாமற்போன ஒரு காய். இறுதியில் 'இப்போது ஆட எவருமில்லை' என்னும் பெருமூச்சு. இவ்வமைப்பு நம் கையறுநிலைப் பாடல்களுக்கு மிக அணுக்கமானது. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. கையறுநிலை இறந்தவனுக்கு இரங்குவது. இந்நினைவுரைகள் இறந்த பிற்பகல்களுக்கு இரங்குவன. எந்தப் போரில் எவர் மாண்டனர் என்பது அங்குப் பேசப்படுவதில்லை. இதனைக் குறையென உடனே சாடுவது எளிது. அவ்வாறு சாடுவதற்கில்லை என்பதே என் கருத்து. ஆடியவர் தாம் இழந்ததையே எழுதுகிறார். தாம் காணாத போரை இழந்ததாக நடிப்பதில்லை. அது ஒருவகை நேர்மையே.

ஆனால் ஆடுமிடமும் போர்க்களமும் ஒன்றாகும்போது நிலைமை மாறுகிறது. நான் குடியிருக்கும் மார்சிலிங் வட்டாரத்தில் நண்பர் ஒருவர் 'விக்டரி இன் த பசிபிக்' (1977) பெட்டியொன்றைப் பாதுகாத்து வருகிறார். பசிபிக் கடற்போரைச் சித்திரிக்கும் அவ்வாட்டத்தில் சிங்கப்பூர் ஒரு துறைமுகம், அவ்வளவே. அவர் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் ஜொகூர் பாலம் உள்ளது. 1942 ஜனவரி 31 அன்று பிரிட்டிஷார் அதைத் தகர்த்தனர். பிப்ரவரி 9 இரவு ஜப்பானிய அரசக் காவற்படை கிராஞ்சிப் பகுதியில் கரையேறியது. பாலத்துக்குக் கிழக்கே நின்றது 11ஆம் இந்தியப் படைப்பிரிவு. பிப்ரவரி 15இல் சரணடைவு. இரண்டு நாள் கழித்துப் ஃபேரர் பார்க் திடலில் பல்லாயிரம் இந்திய வீரர்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர்.

இவ்வாட்டத்தில் ஒவ்வொரு பெருங்கப்பலுக்கும் தனிக்காய் உண்டு. அதில் பெயர் உண்டு, சுடுதிறன், காப்பு, விரைவு ஆகியவற்றுக்கு எண்கள் உண்டு. 1941 டிசம்பர் 10இல் மூழ்கிய 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிப்பல்ஸ்' இரண்டும் பெயரோடு வருகின்றன. தரைப்போர் ஆட்டங்களிலோ காலாட்படைக்குப் படைப்பிரிவு எண்ணே பெயர். 'ஸ்குவாட் லீடர்' தலைவர்களுக்கு மட்டும் பெயர் சூட்டிற்று. அவர்தம் கீழ் நிற்போர்க்கு அதுவும் இல்லை. தளபதியின் கண்ணால் மட்டுமே போரைக் காண்பது இவ்வடிவத்தின் இயல்பு.

போரை விதிகளாக்கியதனால் இந்நிலை நேர்ந்தது என்பர் சிலர். அது பொருந்தாது. நம் புறத்திணையும் விதித்தொகுதியே: வெட்சி ஆநிரை கவர்தல், வஞ்சி படையெடுப்பு, உழிஞை முற்றுகை, தும்பை நேர்ப்போர், வாகை வெற்றி. தொல்காப்பியர் போரை இவ்வளவு கறாராகப் பகுத்தார். ஆயினும் அப்பகுப்புக்குள்ளேயே காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என நடுகல்லுக்கு இடம் வைத்தார். காஞ்சியில் கணவனை இழந்தவளின் அழுகைக்கும் துறை வகுத்தார். ஆகவே குறை விதியில் இல்லை. எதற்கு விதி செய்யவில்லை என்பதில்தான் உள்ளது. பலகையில் வீழ்ந்த காய் பெட்டிக்குத் திரும்புகிறது. அடுத்த ஆட்டத்தில் அதுவே மீண்டும் களமிறங்குகிறது.

இவ்வாட்டங்களிலிருந்து வரலாறு கற்றோம் என்று அன்பர்கள் கூறுவதையும் முற்றிலும் தள்ளிவிட இயலாது. தொலைவும் காலமும் தளவாடமும் ஒரு முடிவை எவ்வாறு நெருக்குகின்றன என்பதை எந்தப் பாடநூலையும்விடப் பலகை தெளிவாக உணர்த்தும். என் மாணவர்க்குச் சிங்கப்பூர் வீழ்ச்சியை விளக்க முற்பட்டபோது, வரைபடத்தின் மேல் காய் நகர்த்திக் காட்டியதே பயன்பட்டது. ஆனால் சயாம் மரண ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்க்கு எந்தப் பலகையிலும் காய் வைக்க நான் கண்டதில்லை. அவர்களைத் தேடுவோர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' போன்ற நாவலுக்கே செல்ல வேண்டியுள்ளது.

கிராஞ்சிப் போர் நினைவிடச் சுவரில் 24,000க்கு மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவ்வளாகத்தில், சமய மரபின்படி எரியூட்டப்பட்டோருக்கெனத் தனி நினைவுச்சின்னமும் உண்டு. ஏறத்தாழ 800 பேர், பெரும்பாலோர் இந்தியப் படையினர். மார்சிலிங் நண்பரை ஒருமுறை அங்கு அழைத்துச் சென்றேன். அவர் சுவரருகே நெடுநேரம் நின்றார், ஒன்றும் பேசவில்லை. சில வாரம் கழித்து அவர் வீட்டில் பெட்டியைத் திறந்தோம். 'ரிப்பல்ஸ்' காய் பல ஆண்டுகளுக்கு முன்பே தொலைந்துபோனது. அதனிடத்தில் அட்டைத்துண்டு ஒன்றை வெட்டி வைத்து, கப்பலின் பெயரைத் தமிழில் மையால் எழுதியிருந்தார். அதன் பின்புறம் புதிதாக இரண்டு பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. அவை கப்பற்பெயர்கள் அல்ல.