குரல் உயராத உறுதி

அசோகமித்திரனைப் படிக்கிறவர்கள் முதலில் கவனிப்பது அவருடைய வாக்கியங்களின் எளிமையை. திரும்பத் திரும்பப் படிக்கும்போதுதான் அந்த எளிமைக்குப் பின்னால் எவ்வளவு மன அடக்கம் இருக்கிறது என்பது பிடிபடும். அழுவதற்கு எல்லாக் காரணமும் உள்ள இடத்தில் அவர் அழுவதில்லை. கோபப்பட நியாயம் இருக்கும் இடத்திலும் குரலை உயர்த்துவதில்லை. மனம் தளராமல் வருஷக்கணக்கில் எழுதிக்கொண்டிருப்பது எப்படி என்று யாராவது கேட்டால் நான் அவருடைய கதைகளைத்தான் எடுத்துக் கொடுப்பேன். பதில் அந்த நடையிலேயே இருக்கிறது.

'பிரயாணம்' கதையைப் பாருங்கள். நோயுற்ற குருவை மலைப்பாதையில் இழுத்துக்கொண்டு போகிறான் சீடன். வழியில் அவர் இறந்துவிட்டார் என்று அவன் நம்புகிறான். இருட்டியதும் ஓநாய்கள் வருகின்றன. குருவின் உடலைக் காக்க அவன் தனியாகப் போராடுகிறான். விடிந்து பார்த்தால் உடல் குதறப்பட்டுக் கிடக்கிறது. குருவின் கை, பிய்ந்துபோன ஓர் ஓநாய்க் காலைப் பற்றியிருக்கிறது. கதை அங்கே நின்றுவிடுகிறது. அப்படியானால் குரு அப்போது உயிரோடு இருந்தாரா என்ற கேள்வியை ஆசிரியர் எழுப்புவதே இல்லை. அது நம் நெஞ்சுக்குள்தான் எழுகிறது. இத்தனைக்கும் கதையைச் சொல்பவன் அந்தச் சீடனேதான். அவன் கதறியதாக ஒரு வரி எழுதியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த ஒரு வரியை எழுதாமல் இருப்பதற்கு எத்தனை துணிச்சல் வேண்டும்!

'புலிக்கலைஞன்' இன்னொரு விதம். சினிமா ஸ்டூடியோ ஒன்றில் வாய்ப்புக் கேட்டு வருகிறான் காதர். தனக்குத் தெரிந்தது 'டகர் பாயிட்' (டைகர் ஃபைட்) என்கிறான். அலுவலகத்தில் யாருக்கும் அவனிடம் பெரிய நம்பிக்கை இல்லை. புலித் தலையை மாட்டிக்கொண்டு அவன் ஆடத் தொடங்கியதும் அறையில் உள்ள அத்தனை பேரும் அரண்டுபோகிறார்கள். ஆடி முடித்த மறுகணம் அவன் பழையபடி வயிற்றுப்பாட்டுக்குக் கெஞ்சும் ஏழை. பிறகு அவனுக்குப் போட்ட கடிதம் திரும்பி வந்துவிடுகிறது. கலைஞனைச் சமூகம் கைவிடுகிறது என்று ஒரு பிரசங்கம் செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. அசோகமித்திரன் கடிதம் திரும்பி வந்ததை மட்டும் சொல்கிறார். காதரின் துயரத்தைத் தன் வருத்தத்தால் மறைத்துவிடக் கூடாது என்ற மரியாதை அதில் தெரிகிறது.

இந்த அடக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் அவருடைய வாழ்க்கை கண்முன் வருகிறது. 1931-ல் செகந்திராபாத்தில் பிறந்தவர். தந்தை இறந்தபின், தந்தையின் நண்பரும் ஜெமினி ஸ்டூடியோ அதிபருமான எஸ்.எஸ். வாசனின் அழைப்பில் 1952-ல் சென்னைக்கு வந்து அந்த ஸ்டூடியோவில் சேர்ந்தார். செய்தித்தாள்களைக் கத்தரித்துக் கோப்புகளில் சேர்ப்பது அவர் வேலை. நாள் முழுக்கக் காகிதம் கிழிக்கிறவருக்கு வேலையே இல்லை என்று நினைத்து ஆளாளுக்கு வந்து அவரிடம் புலம்பிவிட்டுப் போவார்களாம். நடிகனாகும் கனவோடு வந்து, நாற்பது வயதைத் தாண்டியும் மேக்கப் பிரிவின் 'ஆபீஸ் பாய்' ஆகவே நின்றுபோன ஒருவரும் அவர்களில் உண்டு. இதையெல்லாம் பிற்பாடு ஆங்கிலத்தில் எழுதிய ஜெமினி நினைவுகளில் சொல்கிறார். எத்தனை தோற்ற மனிதர்களின் குரலை அவர் பொறுமையாகக் காதில் வாங்கியிருக்கிறார் என்று நினைத்துப் பார்க்கிறேன். சினிமா கம்பெனி ஒன்றின் சரிவைச் சொல்லும் 'கரைந்த நிழல்கள்' நாவலில் ஒரு கதாநாயகன் கிடையாது. பெரிய இடிகள் அத்தியாயங்களுக்கு நடுவே, நம் பார்வைக்கு வெளியே விழுகின்றன. நாம் பார்ப்பது அதன்பின்னும் வேலைக்குப் போகிற மனிதர்களை. இந்த நாவலுக்கான பயிற்சி அந்தக் காகிதக் குவியலின் நடுவில்தான் நடந்திருக்க வேண்டும்.

1966-ல் ஜெமினியை விட்டு வெளியே வந்து முழுநேர எழுத்தாளரானார். தமிழில் எழுதிக் குடும்பம் நடத்துவது எவ்வளவு கடினம் என்பது நமக்குத் தெரியாததல்ல. நேரம் நிறைய, பணம் குறைவு என்று இருந்த அந்த நாட்களில், மவுண்ட் ரோடு தபாலாபீஸ் எதிரே நடைபாதையில் 50 பைசாவுக்கு விற்ற புத்தகம் ஒன்றை வாங்கினார். பல வருஷங்களுக்கு முன் ஜெமினிக்கு வந்து பேசிவிட்டுப் போன ஆங்கிலக் கவிஞர் ஸ்டீபன் ஸ்பெண்டரின் கட்டுரை அதில் இருந்தது. கம்யூனிசத்தில் நம்பிக்கை இழந்த எழுத்தாளர்களின் தொகுப்பு அது. அந்த மனிதர் ஏன் ஜெமினிக்கு அழைக்கப்பட்டார் என்று அன்று யாருக்கும் விளங்காத புதிர், நடைபாதையில் அவிழ்ந்தது. கையில் காசில்லாத நாளைப் பற்றி எழுதும்போதும் அவருக்குத் தன்மேல் இரக்கம் வரவில்லை. ஒரு விஷயம் புரிந்துபோன சந்தோஷம்தான் அந்தப் பக்கத்தில் நிறைந்திருக்கிறது.

வீட்டில் எழுத வசதிப்படாதபோது தி.நகர் நடேசன் பூங்காவில் உட்கார்ந்து எழுதினார். நல்ல மேஜையும் அமைதியும் அமைந்த பிறகு எழுதலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. 'கணையாழி' இலக்கிய இதழின் ஆசிரியர் பொறுப்பைப் பல ஆண்டுகள் சுமந்தபடியே சொந்த எழுத்தையும் நிறுத்தாமல் கொண்டுபோனார். வேலையை விட்டு முப்பது வருஷம் கழித்து, 1996-ல்தான் 'அப்பாவின் சிநேகிதர்' தொகுப்புக்காகச் சாகித்ய அகாதெமி விருது வந்தது. இடைப்பட்ட முப்பது வருஷமும் அந்தக் குரலில் கசப்பு ஏறவில்லை என்பதை அவருடைய கதைகளை வரிசையாகப் படிக்கிற எவரும் உணரலாம்.

அவருடைய மனத்திடம் என்ன வகையானது என்று 'தண்ணீர்' நாவலின் டீச்சரம்மா நமக்குச் சொல்கிறாள். தெருவெல்லாம் குடத்தோடு அலையும் சென்னை. சினிமா ஆசையால் ஏமாற்றப்பட்ட ஜமுனா சாகத் துணிகிறாள். டீச்சரம்மா ஆறுதல் வார்த்தை சொல்வதில்லை. சின்ன வயதில், தன்னைவிட மிகவும் மூத்த நோயாளிக்குத் தன்னைக் கட்டிவைத்த கதையை, ஏதோ வீட்டுக் கணக்குச் சொல்வதுபோலச் சொல்கிறாள். பள்ளிக்கூடம் போகிறாள், சமைக்கிறாள், தண்ணீர் பிடிக்கிறாள். அந்தக் கதையைக் கேட்டபின் ஜமுனா மெல்ல மெல்ல நிமிர்கிறாள். தன் துக்கம் மட்டுமே உலகம் என்றிருந்தவளின் கண்ணில் அடுத்தவள் வாழ்க்கை பட்டதுதான் அங்கே நடந்த அற்புதம்.

எழுதுகிறவனுக்கும் இதுவே மருந்து என்று நினைக்கிறேன். நம்மை மட்டுமே நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது நிராகரிப்பும் புறக்கணிப்பும் பூதாகாரமாகத் தெரியும். காதரையும் டீச்சரம்மாவையும் பிழையில்லாமல் பார்த்து எழுத வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டால் நம் காயத்தைத் தடவிப் பார்க்க அவகாசம் இருக்காது. ஒரு மிகைச் சொல்லை அடிப்பது, ஓர் ஒப்பாரியை நீக்குவது, கதாபாத்திரத்துக்கு நியாயம் செய்வது என்று தினமும் செய்கிற சிறிய வேலைகள் நடையைத் திருத்துவதோடு எழுதுகிறவனையும் திருத்துகின்றன. அசோகமித்திரன் 2017-ல் மறையும்வரை 200-க்கும் மேற்பட்ட சிறுகதைகளில் அதைச் செய்து காட்டினார். எழுதத் தெம்பில்லை என்று தோன்றுகிற நாளில் அவருடைய ஒரு கதையைப் படியுங்கள். பிறகு உங்களுக்குத் தெரிந்த ஒரு மனிதரைப் பற்றி, அவரைவிட உங்கள் குரல் உயராமல், ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.