'தில்லானா மோகனாம்பாள்': கலைஞர் வாழ்வும் காதற்கதையும்

கலைஞரைக் கதைமாந்தராகக் கொண்ட திரைப்படங்கள் கலையைப் போற்றுவதில் தம்முள் வேறுபடுவதில்லை. கலைஞரின் பிழைப்பு எவரிடம் தங்கியுள்ளது என்னும் வினாவிற்கு அவை தரும் விடையிலேயே அவற்றின் சமூக நோக்குப் புலப்படுகின்றது. கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையைத் தழுவி, ஏ. பி. நாகராஜன் இயக்கத்தில் 1968இல் வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்' இந்நோக்கில் மீளாய்வுக்குரியது.

நாதஸ்வரக் கலைஞன் சண்முகசுந்தரமும் ஆடற்கலைஞி மோகனாவும் போட்டியிட்டுக் காதல் கொள்வதே கதை. சிவாஜி கணேசனும் பத்மினியும் இப்பாத்திரங்களுக்கு உயிரூட்டினர். ஆயினும் படத்தின் சமூக உண்மையைச் சுமந்து நிற்பவன், நாகேஷ் நடித்த சவடால் வைத்தியே. சிங்கபுரம் மைனருக்கும் மதன்பூர் மகாராஜாவுக்கும் மோகனாவை இசைவிக்க முயலும் தரகன் அவன். அவனது பேச்சிற்கு நாம் சிரிக்கின்றோம். ஆனால், தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலேயே நிறைவேறியது என்பதை நினைவிற் கொள்ளின், அச்சிரிப்பின் பின்னே ஒரு நிலவுடைமைச் சந்தை இயங்குவதைக் காணலாம்.

இச்சந்தையை இனங்காட்டிய படம் அதனை எதிர்கொள்ளவில்லை. மகாராணியின் பரிவும் தாய் வடிவாம்பாளின் மனமாற்றமும் சிக்கலை அவிழ்க்க, திருமணத்தோடு கதை முடிகின்றது. பொருளாதாரப் பிரச்சினை தனிமனிதரின் நற்குணத்தால் தீர்க்கப்படுகின்றது. இது தமிழ்ப் படங்களுக்கு மட்டும் உரியதன்று. ஜே. பி. பிறீஸ்ற்லியின் நாவலைத் தழுவி விக்ரர் சவில் 1933இல் இயக்கிய பிரித்தானியப் படமான 'த குட் கொம்பானியன்ஸ்', கைவிடப்பட்டு நிற்கும் ஒரு பாடகர் குழுவைப் பற்றியது. அக்குழுவை வசதி படைத்த பெண்ணொருத்தியின் பணம் காக்கின்றது. இளம் நடிகையின் முன்னேற்றம் கதைக்கு இன்பமுடிவு தருகின்றது. பொருளாதார மந்தத்தின் நடுவே வெளிவந்த அப்படமும் ஆறுதலையே வழங்கிற்று.

திரைக்குப் பின்னுள்ள உழைப்பும் ஈண்டு கருதத்தக்கது. சண்முகசுந்தரத்தின் குழலில் ஒலிப்பது மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரரின் மூச்சு. மனோரமா நடித்த நாடகக்காரி ஜில் ஜில் ரமாமணியோ மேடையையே நம்பி வாழ்பவள். அவளை நகைச்சுவையின் எல்லைக்குள்ளேயே படம் நிறுத்திவிடுகின்றது.

யாழ்ப்பாணத்திலிருந்து நோக்கும்போது இக்குறை மேலும் தெளிவாகின்றது. கொழும்புத்துறையிலிருந்து பாசையூர், குருநகர் நோக்கி நீளும் கடனீரேரிக் கரையில், கடற்றொழிலாளர் பகலில் உழைத்து இரவில் அண்ணாவியாரிடம் பழகிய கத்தோலிக்கக் கூத்துமரபு வளர்ந்தது. அங்கு ஆடுவோனின் பிழைப்பு கடலில் இருந்தது. புரவலனின் கையில் அன்று. ஆயினும் அம்மரபை நாம் இலட்சியப்படுத்தலாகாது. பெண் வேடத்தையும் ஆண்களே புனைந்த அக்களரியில் மோகனாவுக்கு இடமே இருந்திராது. கோயில் வீதியில் வாசித்த நாதஸ்வர, தவிற் கலைஞரின் நிலையோ வேறு. அவர்களது தொழிற்களமே கோயில். படம் கோயில் விழாவை அனைவருக்கும் பொதுவான கலையரங்காகக் காட்டிய அதே 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்நுழையும் உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்தனர்.

இவற்றால் படத்தின் கலைச்சிறப்பு குன்றிவிடாது. தவில் வித்துவானாக வரும் பாலையாவின் நடிப்பும் கே. வி. மகாதேவனின் இசையும் காலங்கடந்து நிற்பன. எனினும், 'கலை வென்றது' என்ற வழமையான பாராட்டுரையை நாம் ஏற்பதற்கில்லை. படத்தில் வெல்வது காதல் மட்டுமே. மோகனா தப்பிவிட்டாள், வைத்தியைத் தரகனாக்கிய அமைப்பு தப்பாது வீழ்ந்ததாகப் படம் எங்கும் காட்டவில்லை. இவ்வேறுபாட்டை உணர்த்துவதே விமர்சனத்தின் கடமையாகும்.